எழுபத்து மூன்று வயது மாப்பிள்ளை

நெய்னா முகம்மது மௌத்தாகி மூன்று மாதமாகிறது. தொண்ணூற்று நான்கு வயது. கீழக்கரையில் அந்த வயதுவரை இருந்தவர்கள் வேறு சிலரும் உண்டு. ஆனால் மீன் வாங்கப் போன இடத்திலும் பேங்கில் வரிசையில் நிற்கும்போதும் பேத்தி ஜுமானாவைப் பிடித்து நிறுத்தி, "நீ நெய்னா முகம்மது பேத்திதானே?" என்று ஆரம்பிக்கிறார்களே, அது எல்லாருக்கும் வாய்க்காது. ஆரம்பிக்கும்போதே அவர்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்துவிடும். அதற்குக் காரணம் என்ன என்று ஜுமானாவுக்குத் தெரியும். அவர்கள் நினைப்பதெல்லாம் அவர் மாப்பிள்ளையாக நடந்துபோன அந்தச் சாயங்காலத்தைத்தான்.

அவள் அவரை அப்பா என்றுதான் கூப்பிடுவாள். அந்த ஊரில் தாத்தாதான் அப்பா. பெற்றவர் வாப்பா.

பதினான்கு வயதில் அவரைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். புறக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் முதலில் கூட்டிப் பெருக்கி, பிறகு துணி மடித்து, பிறகு கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்கும் அளவுக்கு வந்தார். இடையில் ஊரில் கல்யாணமும் ஆனது. வருஷத்துக்கு ஒரு தடவை தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடியில் இறங்கி, ரயில் பிடித்து வருவார். ஒரு மாதம் இருப்பார், போய்விடுவார். அப்படி ஒரு தடவை வந்தபோது, வாசலில் விளையாடிக்கொண்டிருந்த மகள் ஹமீதா பானு அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உம்மா, யாரோ மாமா வந்திருக்காங்க" என்று உள்ளே குரல் கொடுத்தாள். அவளுக்கு அப்போது ஐந்து வயது. கொண்டுவந்த பெட்டியை இறக்கி வைத்தவர் அதற்குப் பிறகு கொழும்புக்குத் திரும்பவில்லை. சம்பளப் பாக்கிகூட வாங்கப் போகவில்லை.

கடைத்தெருவில் சின்னதாக ஒரு கைலிக் கடை போட்டார். பத்துப் பதினைந்து வருஷத்தில் ஊரில் ஆண்கள் எல்லாரும் துபாய், ஜித்தா, ஷார்ஜா என்று பறக்க ஆரம்பித்தார்கள். அவரையும் எத்தனையோ பேர் கூப்பிட்டார்கள். "ஒரு தடவை மாமாவாகிப் பாத்துட்டேன். போதும்" என்பார்.

அப்படி ஊரோடு தங்கிய ஆண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால் எந்த வீட்டில் எது என்றாலும் கைலிக் கடைக்குத்தான் ஆள் வரும். பிள்ளை பெறும் நேரம் வந்துவிட்டதா, டாக்ஸி பிடித்து இராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது அவர். சம்பந்தம் பேச வீட்டில் ஆண்பிள்ளை இல்லையா, சட்டையைப் போட்டுக்கொண்டு போய் உட்காருவது அவர். கடையைப் பூட்டும்போது பக்கத்துக் கடைக்காரரிடம், "யாராவது கைலி கேட்டா நாளைக்கு வரச் சொல்லுங்க, கைலி எங்கயும் ஓடிப்போயிடாது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார். அதனால்தானோ என்னவோ, கடை கடைசிவரை சின்னக் கடையாகவே இருந்தது.

அவருக்கு எழுபத்திரண்டு வயதாகும்போது மனைவி மரியம் பீவி மௌத்தானார். ஒன்றரை வருஷம் படுக்கையில் கிடந்துவிட்டுப் போனார். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டது ஹமீதா பானுவும் நெய்னா முகம்மதும்தான். மகன் அப்துல் அஜீஸ் துபாயில் இருந்தார்.

கீழக்கரையில் வீடு பெண்ணுக்கு. கட்டிக்கொள்கிற ஆண் மாப்பிள்ளையாக வந்து பெண் வீட்டில் குடியேறுவான். நெய்னா முகம்மது ஐம்பது வருஷம் இருந்ததும் மரியம் பீவியின் வீடுதான். மனைவிக்குப் பிறகு அது மகள் ஹமீதா பானுவுடையதாயிற்று. மகள் வீட்டில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. முன்னறையைக் கொடுத்திருந்தார்கள். நேரத்துக்குச் சோறு, வெந்நீர், மருந்து. ஹமீதா பானுவின் கணவர் ஜித்தாவில். மூத்த பேத்தி ஜுமானாவுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. கல்யாணம் முடிந்த மூன்றாம் மாதமே அவள் மாப்பிள்ளை சஃபீர் ஷார்ஜாவுக்குப் போயிருந்தான். சின்னவள் சஃபா கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

மரியம் பீவி போய் ஒரு வருஷம் கழிந்திருக்கும். காலையில் இடியாப்பத்தை வைத்துவிட்டு உள்ளே போகத் திரும்பிய மகளை, "ஹமீதா, கொஞ்சம் உட்காரும்மா" என்று நிறுத்தினார். ஜுமானாவும் அங்கேதான் இருந்தாள்.

"நான் நிக்காஹ் செய்யலாம்னு இருக்கேன்."

ஹமீதா பானுவுக்கு முதலில் விளங்கவில்லை. "யாருக்கு?" என்றார்.

"எனக்குத்தான்."

அவர் ஒரு வாய் இடியாப்பம் சாப்பிட்டுவிட்டு மீதியையும் சொன்னார். "ஹாஃபிஸாவைக் கேட்கலாம்னு நினைக்கிறேன்."

ஹாஃபிஸா மூன்று தெரு தள்ளி இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். கட்டியவர் சவூதியில் ஒரு விபத்தில் போய்ச் சேர்ந்து முப்பது வருஷம். பிள்ளையில்லை. உம்மா விட்டுப்போன வீட்டில் தனியாக இருந்துகொண்டு தெருப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுத்தார். மரியம் பீவி படுக்கையில் கிடந்தபோது வாராவாரம் வந்து பக்கத்தில் உட்கார்ந்து யாசீன் ஓதியவரும் அவர்தான். ஹமீதா பானுவால் தாங்க முடியாமல் போனது அதைத்தான்.

"உம்மாவுக்கு யாசீன் ஓத வந்தவங்களையா வாப்பா?" என்று கத்தினார். "உங்களுக்கு இங்கன என்ன குறை? சோறு இல்லையா, துணி இல்லையா? யாராவது ஒரு சொல்லு சொன்னோமா?"

"குறை ஒண்ணும் இல்லம்மா. எல்லாம் நேரத்துக்கு வருது. வச்சுட்டு எல்லாரும் போயிடுறீங்க. எனக்குப் பேச ஆள் வேணும்."

"பேசுறதுக்கு யாராவது இந்த வயசுல கல்யாணம் கட்டுவாங்களா?"

"வேற எதுக்கும்மா இந்த வயசுல கட்டுறது?" என்றார் அவர்.

ஜுமானாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உம்மாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

அன்றைக்கே துபாயிலிருந்து அப்துல் அஜீஸ் போன் பண்ணினார். அவர் போட்ட சத்தம் ரிசீவரைத் தாண்டிக் கூடம்வரை கேட்டது. "ஊர்ல தலை காட்ட முடியுமா வாப்பா?"

"நீ துபாய்ல இருக்கே. ஊர்ல தலை காட்டுறவன் நான்தானே? எனக்கு ஒண்ணும் கஷ்டமில்லை, நீ கவலைப்படாதே" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அந்தப் பதிலை அப்துல் அஜீஸ் வெகுகாலம் மன்னிக்கவில்லை.

அவர் யாரிடமும் சண்டை போடவில்லை. குரலை உயர்த்தவில்லை. அதே நேரத்தில், சொன்னதை ஒரு அங்குலம்கூட மாற்றிக்கொள்ளவுமில்லை. பள்ளிவாசல் இமாம் மூலமாக ஹாஃபிஸாவின் அண்ணனிடம், அவருடைய காக்காவிடம், முறைப்படி சொல்லியனுப்பினார். ஹாஃபிஸா திருப்பி ஒரே ஒரு கேள்வி கேட்டனுப்பினார்: "உங்க மக சம்மதிச்சுட்டாங்களா?"

"இல்லை. சம்மதிக்கும். எப்போன்னு எனக்குத் தெரியாது" என்று உள்ளதைச் சொன்னார். சில வாரம் கழித்துச் சரி என்று பதில் வந்தது.

ஒருநாள் அவருடைய சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்த ஜுமானா கேட்டாள். "ஏன் அப்பா அவங்க? ஊர்ல எத்தனையோ பேர் இருக்காங்களே."

அவர் யோசித்துச் சொன்னார். "உன் உம்மும்மா நோவுல கிடந்தப்ப நிறையப் பேர் வந்தாங்க. பாத்தாங்க, அழுதாங்க, போனாங்க. இது மட்டும் ஓதி முடிச்சுட்டு எழுந்திருக்காது. உட்கார்ந்து ஊர்க்கதை எல்லாம் சொல்லி உன் உம்மும்மாவைச் சிரிக்க வைக்கும். மௌத்துக்குப் பக்கத்துல கிடக்குறவளைச் சிரிக்க வச்ச ஆளு அது. அதுகூட இருந்தா நானும் நல்லா இருப்பேன்னு தோணுச்சு."

ஜுமானா நூலைக் கடித்து அறுத்தாள். அவளுக்கும் சாயங்காலங்கள் நீளமாகத்தான் இருந்தன. வாரத்துக்கு ஒருமுறை வருகிற சஃபீரின் போனை வைத்த பிறகு வீட்டில் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் மாடிக்கும் கீழுக்குமாக நடப்பாள். அப்பாவோடு அவர் நிக்காஹுக்குத் தானும் போவது என்று அப்போதே முடிவு செய்துகொண்டாள்.

அந்த நாளும் வந்தது. நிக்காஹ் ஹாஃபிஸாவின் வீட்டில். ஹமீதா பானு உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வரவில்லை. சஃபா வாசல்வரை வந்து நின்றுகொண்டாள். அஸர் தொழுகை முடிந்ததும் அவர் வெள்ளைச் சட்டை, புதுக் கைலி, தொப்பி போட்டுக்கொண்டு கிளம்பினார். ஜுமானா ஆட்டோ கூப்பிட்டு வரவா என்று கேட்டாள்.

"எதுக்கு? நான் என்ன திருடிக்கிட்டா போறேன்? நடந்தே போவோம்."

ஒரு கையில் தோல்பெட்டி. ஜுமானாவின் கையில் மருந்துப் பை. குறுக்குச் சந்து ஒன்று இருந்தது, அதில் புகுந்தால் யார் கண்ணிலும் படாமல் போயிருக்கலாம். அவர் பெரிய தெரு வழியாகவே நடந்தார். ஜன்னல் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. டீக்கடையில் பேச்சு நின்றது. அவர் தினமும் சொல்வதைப் போலவே எல்லாருக்கும் சலாம் சொன்னார். ஒருத்தர் கேலியாக, "எங்க, பெட்டியோட? கொழும்புக்கா?" என்று கேட்டார்.

"மாப்பிள்ளையாப் போறேன். துஆ செய்யுங்க."

கேட்டவர் எழுந்து நின்று கையைக் கொடுத்தார்.

அடுத்த நாளிலிருந்து அவர் ஒரு பழக்கத்தை ஆரம்பித்தார். தினமும் கடைக்குப் போகிற வழியில் மகள் வீட்டு வாசலில் நின்று, "ஹமீதா, சுகமா இருக்கியாம்மா?" என்று கேட்பார். ஹமீதா பானு வெளியே வரமாட்டார். ஜுமானாதான் வந்து, "நல்லா இருக்காங்க அப்பா" என்பாள். "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். மழையானாலும் காய்ச்சலானாலும் அது நிற்கவில்லை. ஒருநாள் அவர் வர நேரமாகிவிட்டது. உள்ளே உம்மா எதையோ தேடுவது போல முன்னறைக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்ததை ஜுமானா பார்த்தாள். வாசலில் குரல் கேட்டதும் அந்த நடை நின்றது. ஆனாலும் உம்மா வெளியே வரவில்லை. இப்படியே மூன்று வருஷம்.

சஃபாவின் கல்யாணம் வந்தது. "வாப்பாவை மட்டும் வரச் சொல்லு" என்று ஹமீதா பானு ஜுமானாவிடம் சொல்லியனுப்பினார். கேட்டுவிட்டு அவர், "வேலைக்கு வாரேன்னு சொல்லு" என்றார்.

சொன்னபடியே செய்தார். எழுபத்தாறு வயதில் விடியற்காலையிலேயே வந்து நின்றவர் பந்தலில் நாற்காலி போட வைத்தார், சமையல்காரர்களிடம் உப்புப் பார்த்தார், மாப்பிள்ளை வீட்டாரை வாசலில் நின்று வரவேற்றார், கைகழுவ எங்கே போவது என்று கேட்ட கிழவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். சாப்பாட்டு நேரம். அந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் சகன் என்ற பெரிய தட்டில் சோற்றை வைத்து, நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். மாப்பிள்ளையின் வாப்பா அவரைக் கையைப் பிடித்து இழுத்தார்.

"வாங்க, நம்ம சகன்ல உட்காருங்க. பொண்ணோட அப்பா நீங்க."

"நீங்க சாப்பிடுங்க. எனக்கு வீட்டுல சோறு இருக்கு."

மெல்லத்தான் சொன்னார். பெண்கள் பக்கத்து ஜன்னலுக்குப் பின்னால் ஹமீதா பானு நின்றிருந்தார். சொன்னது அவருக்கும் கேட்டது.

கூட்டம் கொஞ்சம் ஓய்ந்ததும் அவர் குழாயடியில் கைகால் கழுவிவிட்டுக் கிளம்பினார். கொல்லைக் கதவருகில் மகள் நின்றார்.

"வாப்பா."

மூன்று வருஷத்தில் நேருக்கு நேராக அவர் காதில் விழுந்த முதல் சொல். அவர் திரும்பி நின்றார்.

"சாப்பிட்டுப் போங்க."

"ஹாஃபிஸா சாப்பிடாம உட்கார்ந்திருக்கும் ஹமீதா" என்றார். கோபமோ குத்தலோ இல்லாமல் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஹமீதா பானு சமையல்காரரிடம் போய் ஒரு சகனில் நெய்ச்சோறும் கறியும் வைக்கச் சொன்னார். இனிப்புக்கு ஒரு கிண்ணத்தில் வட்டலப்பம். மேலே வெள்ளைத் துணியைப் போட்டு மூடி, "ஒரு பக்கம் பிடி" என்றார் ஜுமானாவிடம். பட்டுச் சேலைக்கு மேலே பர்தாவைப் போட்டுக்கொண்டு பெண்ணின் உம்மா நடுத்தெருவில் சகனைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துக் கல்யாணத்துக்கு வந்த கார்கள் ஒதுங்கி வழிவிட்டன.

ஹாஃபிஸா வந்து கதவைத் திறந்தார்.

"வீட்டுல சோறு இருக்குன்னு வாப்பா சொன்னாங்க. என்ன ஆணம்னு பாக்க வந்தேன்" என்றார் ஹமீதா பானு.

ஹாஃபிஸா நகர்ந்து வழிவிட்டார். "பருப்பு... கருவாடு பொரிச்சிருக்கேன்."

"அதையும் எடுத்துட்டு வாங்க லாத்தா." அந்த ஊரில் அக்காதான் லாத்தா.

பாயை விரித்து நாலு பேரும் சகனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, பழையதைப் பேசவுமில்லை. நெய்னா முகம்மது கறியை மகள் பக்கம் தள்ளினார், மகள் அதை ஹாஃபிஸா பக்கம் தள்ளினார். அங்கே கல்யாண வீட்டில் பெண்ணின் உம்மாவைக் காணோம் என்று ஊரே தேடிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு வந்த பதினெட்டு வருஷத்தைத்தான் ஜுமானா அடிக்கடி நினைத்துக்கொள்வாள். கொழும்புக் கடையிலேயே சின்ன வயது போய்விட்டதால் அவருக்குக் குர்ஆன் சரளமாக ஓத வராது. எண்பது நெருங்கும் வயதில் ஹாஃபிஸாவிடம் பாடம் கேட்க, பிள்ளைகளோடு பிள்ளையாகக் கடைசி வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "எங்களை மட்டும் அதட்டுறீங்க, அவங்களும்தான் தப்பா ஓதுறாங்க" என்று ஒரு பெண்பிள்ளை புகார் சொன்னது. ஹாஃபிஸா உடனே அவரையும் அதட்டினார். "சரிதான், சரிதான்" என்று சிரித்துக்கொண்டே திருத்தி ஓதினார். அந்த ஓதலோடு இருவரும் ஹஜ்ஜுக்குப் போய்வந்தார்கள். ஹாஃபிஸாவுக்கு முழங்கால் வலி வந்தபோது டீ போடவும் மீன் கழுவவும் கற்றுக்கொண்டார். காலையில் இருவரும் கடலோரத்தில் படகு ஜெட்டிப் பக்கம் நடந்துவிட்டு வருவார்கள். வழியெல்லாம் பேச்சு. அப்படி என்னதான் பேசுவார்கள் என்று கேட்டால் இருவருக்குமே சொல்லத் தெரியாது.

அவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் ஜுமானாவுக்குத் துணிச்சல் வந்தது. ஒருநாள் போனில் சஃபீரிடம் சொல்லிவிட்டாள்: "அடுத்த தடவை விசா புதுப்பிக்கிறதா இருந்தா எனக்கும் சேர்த்து எடுங்க. இல்லேன்னா நீங்க இங்கன வந்துடுங்க. ரெண்டுல ஒண்ணு." சஃபீர் வந்துவிட்டான். கைலிக் கடையை இப்போது அவன்தான் பார்க்கிறான்.

மனம் இறங்காதவர் அப்துல் அஜீஸ் ஒருவர்தான். லீவில் வந்தால் வாப்பாவைக் கடையிலோ ஹமீதா பானு வீட்டிலோ பார்ப்பார். ஹாஃபிஸாவின் வீட்டு வாசலை மிதித்ததில்லை. நெய்னா முகம்மது மகனை வற்புறுத்தவில்லை. "அவன் நேரம் வரும்போது வரட்டும்" என்பார்.

கடைசி ஒரு மாதம் அவர் அதிகம் எழுந்து நடக்கவில்லை. நோவென்று எதுவும் இல்லை, உடம்பு தளர்ந்துவிட்டது, அவ்வளவுதான். ஒரு வெள்ளிக்கிழமை காலை, பஜ்ருத் தொழுகைக்குப் பிறகு, ஹாஃபிஸா பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போதே மூச்சு அடங்கியது.

ஹாஃபிஸாவின் வீட்டிலிருந்தே ஹமீதா பானு துபாய்க்குப் போன் பண்ணினார். அன்றைக்கே வந்துசேர விமானம் கிடைக்கவில்லை. அடக்கத்துக்குக் காத்திருக்க வேண்டாம் என்று அழுதுகொண்டே சொன்ன அப்துல் அஜீஸ், கூடவே ஒன்றும் சொன்னார்: "ஹமீதா, வாப்பாவை நம்ம வீட்டுக்குக் கொண்டு வந்துடு. ஜனாஸா நம்ம உம்மா வீட்டுல இருந்துதான் கிளம்பணும்."

ஹாஃபிஸாவுக்கும் அது கேட்டது. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஹமீதா பானுவுக்கு அப்போது அறுபத்தேழு வயது. போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அந்த வீட்டுக்கு வாப்பா மாப்பிள்ளையா வந்தாங்க காக்கா. இந்த வீட்டுக்கும் மாப்பிள்ளையாத்தான் வந்தாங்க. இங்கன வாழ்ந்தாங்க, இங்கன இருந்துதான் போவாங்க." அப்படியே நடந்தது. ஜும்ஆ முடிந்து வந்த கூட்டம் மூன்று தெருவுக்கு நின்றது. அவர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ப் பிறந்த பிள்ளைகள், இப்போது நரை தட்டியவர்கள், தோள் கொடுக்க ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு வந்தார்கள்.

மறுநாள் மத்தியானம் அப்துல் அஜீஸ் மதுரையில் இறங்கி நேரே மையவாடிக்குப் போய் கபரில் துஆ செய்துவிட்டு வந்தார். கணவனை இழந்த ஹாஃபிஸா இத்தாவில் இருந்தார், வெளி ஆண்கள் யாரும் உள்ளே வர முடியாது. ஆனால் அப்துல் அஜீஸ் வெளி ஆள் இல்லையே, வாப்பாவின் மனைவிக்கு அவரும் மகன்தான். செருப்பைக் கழற்றிவிட்டு நிலைப்படியில் தயங்கி நின்றவரை ஜுமானாதான் உள்ளே கூட்டிவந்தாள். எழுபது வயது மனிதர், பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

பாயைத் தடவிக்கொண்டே கேட்டார்: "கடைசியா வாப்பா என்ன சாப்பிட்டாங்க?"

"கஞ்சி" என்றார் ஹாஃபிஸா. "அரைக் கிண்ணம் குடிச்சாங்க. உப்புப் பத்தலைன்னு சொன்னாங்க. நான் வாங்கிக் குடிச்சுப் பாத்தேன். சரியாத்தான் இருந்துச்சு. இல்லவே இல்லைன்னு சாதிச்சாங்க."

அப்துல் அஜீஸுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வேற என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்.

ஹாஃபிஸா சொல்ல ஆரம்பித்தார். ஜுமானா டீ போட அடுப்படிக்குப் போனாள். அவள் திரும்பி வந்தபோதும் பேச்சு முடிந்திருக்கவில்லை. பொழுது சாய்ந்து மக்ரிபு பாங்கு சொல்லும்வரை அந்த இருவரும் அவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.